பம்ப் ஓடுகிறது, ஆனால் குரூப்பில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை

மாலைக்காப்பி | ஞாயிறு, காலை 9.40

அனைவருக்கும் வணக்கம். வீட்டில் நான்கு ஆண்டுகளாக உழைத்துவந்த எஸ்பிரெசோ இயந்திரம் இன்று காலை நின்றுவிட்டது. ஒற்றைப் பாய்லர், 58 மில்லிமீட்டர் போர்ட்டாஃபில்டர் (தூள் போட்டுப் பூட்டும் கைப்பிடி), பின்னால் தண்ணீர்த் தொட்டி உள்ள இத்தாலிய வகை. விளக்கு எரிகிறது, பாய்லர் சூடாகிறது. காப்பிப் பொத்தானை அழுத்தினால் பம்ப் சத்தம் கேட்கிறது. ஆனால் குரூப்பிலிருந்து, அதாவது அந்தக் கைப்பிடியைப் பூட்டும் தலைப்பகுதியிலிருந்து, தண்ணீர் இறங்கவே இல்லை. போர்ட்டாஃபில்டரைக் கழற்றி வெறுமனே ஓடவிட்டும் பார்த்துவிட்டேன்.

பழுது பார்க்கும் ஒரு கடைக்குத் தொலைபேசியில் சொன்னேன். இயந்திரத்தைப் பார்க்காமலே பம்ப் போய்விட்டது என்றார்கள். பம்பும் கூலியுமாக ஏழாயிரம் ரூபாய் ஆகுமாம். வாங்கிவிடலாமா? முன்பின் பழுது பார்த்த அனுபவம் எனக்கு இல்லை. மிக்ஸியின் கார்பன் மாற்றியிருக்கிறேன், அவ்வளவுதான்.

டவராசெட் | ஞாயிறு, காலை 10.05

தம்பி, எனக்கும் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு இதே நிலைமை வந்தது. பம்ப் மாற்றியதும் சரியாகிவிட்டது. அந்தப் பம்புகள் பிளாஸ்டிக் உடம்பு கொண்டவை, நீண்ட நாள் தாங்காது. யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அதற்கு முன் ஒருமுறை வினிகர் ஊற்றி ஓட்டிப் பாருங்கள், செலவில்லாமல் தீர்ந்தாலும் தீரும்.

பித்தளைத்திருகு | ஞாயிறு, காலை 10.50

பம்பும் வாங்க வேண்டாம், வினிகரும் ஊற்ற வேண்டாம். தண்ணீர் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியாமல் ஒரு ரூபாய்கூடச் செலவழிக்கக் கூடாது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சென்னையில் இந்த வேலைதான் செய்கிறேன். நன்றாக இருக்கும் பம்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதுப் பம்பைப் பூட்டி, அதன் பிறகும் தண்ணீர் வராமல் என்னிடம் வந்த இயந்திரங்கள் ஏராளம்.

மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லுங்கள். ஸ்டீம் குழாயின் திருகைத் திறந்துவைத்துப் பம்பை ஓட்டினால் அதன் வழியாகத் தண்ணீர் வருகிறதா? எத்தனை நொடியில் ஒரு டம்ளர் நிறைகிறது? அடுத்து, தொட்டிக்குள் இரண்டு ரப்பர் குழாய்கள் தொங்கும். ஒன்று உறிஞ்சுவது, மற்றது திரும்பி வருவது. காப்பிப் பொத்தானை அழுத்தும்போது அந்த இரண்டாவது குழாயில் தண்ணீர் திரும்பிக் கொட்டுகிறதா? கடைசியாக, பொத்தானை அழுத்தும் கணத்தில் பம்ப் சத்தத்தோடு 'டக்' என்று ஓர் ஒலி கேட்கிறதா?

மாலைக்காப்பி | ஞாயிறு, முற்பகல் 11.30

உடனே பதில் எழுதியதற்கு நன்றி ஐயா. ஸ்டீம் குழாயில் தண்ணீர் தாராளமாக வருகிறது. 200 மில்லி டம்ளர் இருபது நொடியில் நிறைந்துவிட்டது. தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்ன சிறிய குழாயில் தண்ணீர் விசையோடு திரும்பிக் கொட்டுகிறது. இத்தனை நாள் அதை நான் கவனித்ததே இல்லை. 'டக்' ஒலி மட்டும் உறுதியாகத் தெரியவில்லை, பம்ப் சத்தத்தில் அமுங்கிப்போகிறது.

பித்தளைத்திருகு | ஞாயிறு, பகல் 12.15

உங்கள் பம்ப் நல்ல நிலையில் இருக்கிறது. அதற்கு இருபது நொடியில் 200 மில்லியைவிடப் பெரிய சான்று வேண்டாம்.

உள்ளே தண்ணீர் போகும் வழியைச் சொல்கிறேன். தொட்டியிலிருந்து பம்ப், பம்பிலிருந்து பாய்லர். பாய்லரிலிருந்து வெளியேற இரண்டு வாசல்கள். ஒன்று ஸ்டீம் குழாய். மற்றொன்று சோலனாய்டு வால்வு (மின்சுருளால் திறந்து மூடும் வால்வு) வழியாகக் குரூப், அதற்குக் கீழே தண்ணீரைத் தூவும் ஷவர் சல்லடை. முதல் வாசலில் தண்ணீர் தாராளமாக வருகிறது என்றால் தொட்டி, பம்ப், பாய்லர் மூன்றும் தேறிவிட்டன. இரண்டாவது வாசலில்தான் அடைப்பு.

தொட்டிக்குத் திரும்பிய தண்ணீரும் அதையேதான் சொல்கிறது. இந்த வகைப் பம்ப், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதுபோல் 15 பார் வரை அழுத்தம் கொடுக்கவல்லது. எஸ்பிரெசோவுக்கு வேண்டியது 9 பார். மிஞ்சுவதைத் தொட்டிக்குத் திருப்பி அனுப்பவே ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. முன்னால் வழி அடைபட்டதால் எல்லாத் தண்ணீரும் அந்தப் பக்கமே திரும்புகிறது. செத்த பம்ப் இவ்வளவு அழுத்தம் கொடுக்காது.

இப்போது ஒரு கேள்வி, மறைக்காமல் பதில் சொல்லுங்கள். பாய்லரில் படியும் சுண்ணாம்பு உப்பைக் கடைசியாக எப்போது நீக்கினீர்கள்? என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

கம்பிச்சுருள் | ஞாயிறு, பிற்பகல் 1.20

மின்சாரப் பக்கத்தை நான் சொல்கிறேன். சோலனாய்டு வால்வு திறக்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. பிளக்கைச் சுவரிலிருந்து கழற்றுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பழைய வீடுகளில் சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். ஸ்டீம் திருகைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றி, ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். மேல்மூடியைத் திறந்து, பம்புக்குப் போகும் இரண்டு கம்பிகளில் ஒன்றின் சொருகு முனையை இழுத்து எடுத்து, இன்சுலேஷன் டேப்பால் நன்றாகச் சுற்றிவிடுங்கள். மூடியைப் பூட்டிய பிறகுதான் பிளக்கைச் சொருக வேண்டும். இப்போது பொத்தானை அழுத்தினால் பம்ப் ஓடாது, வால்வின் 'டக்' மட்டும் தெளிவாகக் கேட்கும். கேட்டால் வால்வைத் திறக்கும் மின்சுருள் நலம்.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இந்த அதிர்வுப் பம்புகளுக்குள், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டயோடு இருக்கிறது. மின்னோட்டத்தின் ஒரு பாதியில் சுருள் இழுக்க, மறுபாதியில் ஸ்பிரிங் தள்ள, நொடிக்கு 50 முறை உள்ளிருக்கும் உலக்கை முன்னும் பின்னும் போகும். அந்த டயோடு காரணமாக ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் நல்ல பம்பும் அறுந்த கம்பிபோலக் காட்டும். அதைப் பார்த்துப் பம்ப் செத்தது என்று முடிவு கட்டாதீர்கள்.

மாலைக்காப்பி | ஞாயிறு, இரவு 8.10

அக்கா சொன்னபடி செய்தேன். 'டக்' துல்லியமாகக் கேட்டது. அணைக்கும்போதும் ஒருமுறை கேட்டது.

ஐயா கேட்ட கேள்விக்குப் பதில். மூன்று ஆண்டுகள் கோவை நகருக்குள் இருந்தோம், சிறுவாணித் தண்ணீர். என் சிறிய மீட்டரில் டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் அளவு) 50ஐத் தாண்டியதே இல்லை. சென்ற ஆண்டு சரவணம்பட்டிப் பக்கம் அடுக்ககத்துக்கு மாறினோம். இங்கே குழாயில் வருவது ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர், மீட்டர் 780 காட்டுகிறது. குடிக்க மட்டும் கேன் வாங்குகிறோம். இயந்திரத்துக்கு... குழாய்த் தண்ணீரைத்தான் வடிகட்டி ஊற்றிக்கொண்டிருந்தேன். வெள்ளைத் துணியில் வடித்தால் போதும் என்று நினைத்தேன். இங்கே வந்த பிறகு உப்பு நீக்கவில்லை. சென்ற ஞாயிறுதான் கடையில் வாங்கிய உப்புநீக்கியை முதன்முறையாக ஊற்றி ஓட்டினேன். அதற்குப் பிறகு காப்பி இறங்குவது ஒவ்வொரு நாளும் மெதுவாகி, இன்று நின்றேவிட்டது.

பித்தளைத்திருகு | ஞாயிறு, இரவு 9.00

இதைத்தான் எதிர்பார்த்தேன். இத்தனை மாத உப்பு பாய்லர் சுவரில் ஓடுபோல் ஒட்டியிருந்திருக்கிறது. அமிலம் பட்டதும் அது முழுதாகக் கரையவில்லை, செதில் செதிலாகப் பெயர்ந்திருக்கிறது. பெயர்ந்த செதில்கள் தண்ணீரோடு ஓடி, வழியில் மிகவும் குறுகலான இடத்தில் போய்ச் சிக்கிவிட்டன. அந்த இடம் சோலனாய்டு வால்வின் ஊசித் துளை.

துணியில் வடித்தால் மண் நிற்கும், உப்பு நிற்காது. உப்பு தண்ணீரில் கரைந்திருக்கிறது.

செய்ய வேண்டியது இது. வால்வு பாய்லரின் பக்கவாட்டில் இரண்டு ஆலன் திருகுகளில் நிற்கும். முதலில் தலையில் உள்ள நட்டைக் கழற்றிச் சுருளை உருவி எடுங்கள். பிறகு இரண்டு திருகுகளையும் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றித் தளர்த்துங்கள். அடியில் இரண்டு சிறிய ஓ-ரிங் (ரப்பர் வளையம்) இருக்கும், வெள்ளைத் துணியை விரித்துக்கொண்டு அதன் மேலே வேலை செய்யுங்கள். கீழே விழுந்தால் தேடித் தீராது. தண்டைத் திருகி எடுத்தால் உள்ளே எஃகு உருளையும் ஸ்பிரிங்கும் இருக்கும். உருளையின் இரு முனைகளிலும் மிளகளவு ரப்பர் பதித்திருக்கும். அவை உட்காரும் துளைகளை ஊசியாலோ கம்பியாலோ குத்த வேண்டாம், பித்தளையில் கீறல் விழுந்தால் அப்புறம் ஆயுளுக்கும் ஒழுகும். பல் குத்தும் மரக்குச்சி போதும். பிறகு ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சிட்ரிக் அமிலம் கலந்து, உலோகப் பாகங்களை மட்டும் கால் மணி நேரம் ஊறவிடுங்கள்.

கம்பிச்சுருள் | ஞாயிறு, இரவு 9.25

ஒன்று சேர்க்கிறேன். தண்டிலிருந்து உருவிய சுருளுக்கு எக்காரணம் கொண்டும் மின்சாரம் கொடுத்துச் சோதிக்காதீர்கள். நடுவில் இரும்பு இல்லாத மாறுமின் சுருள் அளவுக்கு மீறி மின்சாரம் இழுக்கும், சற்று நேரத்தில் கருகிவிடும்.

டவராசெட் | திங்கள், காலை 6.15

பித்தளைத்திருகு ஐயா சொன்னதைப் படித்தபிறகு என் பழைய பம்பைத் தேடி எடுத்தேன், தூக்கிப்போடாமல் வைத்திருந்தேன். மகன் அதன் உறிஞ்சும் குழாயை மட்டும் ஒரு வாளித் தண்ணீரில் விட்டுத் தனியே ஓட்டிக் காட்டினான். நன்றாகவே தண்ணீர் இறைக்கிறது. அன்றைக்குப் பம்ப் மாற்றியவர் கூடவே வால்வையும் கழுவியிருக்க வேண்டும். தம்பிக்குத் தவறான யோசனை சொல்லிவிட்டேன், மன்னிக்கவும்.

கல்யாணச் சமையலில் 22 ஆண்டுகள் இருந்தேன். மண்டபங்களில் எஸ்பிரெசோ காப்பி என்று கொடுப்போமே, அந்த இயந்திரத்தில் ஆவிப் பாய்லர் மட்டும்தான் இருக்கும். உடனடிக் காப்பித்தூளையும் பாலையும் ஆவியில் நுரைக்க வைப்பது, அவ்வளவே. அதில் உப்பு படிந்தால் திறந்து, மரச்சுத்தியால் தட்டி, அள்ளிக் கொட்டுவோம். வீட்டு இயந்திரத்தின் வழிகள் இவ்வளவு மெல்லியவை என்று இப்போதுதான் புரிகிறது. வினிகர் ஏன் கூடாது என்று மட்டும் சொல்லுங்கள் ஐயா.

பித்தளைத்திருகு | திங்கள், காலை 7.40

மன்னிப்பெல்லாம் எதற்கு ஐயா, பம்பைச் சோதித்துப் பார்த்து எழுதினீர்களே, அது பெரிய உதவி.

வினிகரின் வாடை ரப்பரில் ஏறினால் வாரக்கணக்கில் போகாது. உப்பைக் கரைக்கும் வேகமும் குறைவு, அதனால் நெடுநேரம் ஊறவிடுகிறார்கள். நிறைய வீட்டு இயந்திரங்களின் பாய்லர் அலுமினியம். நெடுநேரம் அமிலத்தில் ஊறினால் அலுமினியம் அரிபடும், சாம்பல் நிறத்தில் தண்ணீர் வரும். ஒரு லிட்டருக்கு 20 கிராம் சிட்ரிக் அமிலம், இருபது நிமிடம், பிறகு இரண்டு தொட்டி நல்ல தண்ணீரால் அலசுவது போதும். கொதிக்கும் தண்ணீரில் வேண்டாம். அதிகச் சூட்டில், அதிகச் செறிவில் கால்சியம் சிட்ரேட் என்று வேறொரு வெள்ளைப் படிவு உருவாகும். ஒன்றை நீக்கப்போய் மற்றொன்றை ஒட்டவைத்த கதையாகிவிடும்.

ஒன்டாரியோஏரி | திங்கள், மாலை 6.30

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன். உதிரிப் பாகம் இணையத்தில் வாங்குபவர்கள் வோல்ட் அளவைப் பாருங்கள். இங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். படத்தைப் பார்த்து ஒரு வால்வு வாங்கினேன், வந்தது 230 வோல்ட் சுருள். அச்சு அசல் ஒரே மாதிரி. பூட்டினால் சும்மா முனகியது, திறக்கவில்லை. வால்வின் பித்தளை உடம்பு இரண்டுக்கும் ஒன்றே என்பதால் பழைய சுருளை எடுத்துப் புதியதன்மேல் மாட்டிச் சமாளித்தேன். இந்தியாவில் இருப்பவர்கள் 120 வோல்ட் சுருளை வாங்கிப் பூட்டினால் விளைவு இதைவிட மோசம், எரிந்துவிடும்.

மாலைக்காப்பி | புதன், இரவு 10.20

திறந்துவிட்டேன்!

திருகுகளில் ஒன்று அசையவே இல்லை. பாய்லரைச் சற்றுச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றிவிட்டு முயன்றபோது 'கிறீச்' என்று இளகியது. சுருளை உருவினேன், வால்வைக் கழற்றினேன். பாய்லர் முகத்தில் இரண்டு துளைகள். ஒன்று பாய்லரிலிருந்து வருவது, மற்றது குரூப்புக்குப் போவது. இரண்டாவதில் வாயை வைத்து ஊதினால் காற்று போகிறது, ஷவர் சல்லடை வழியாக வெளியே வருகிறது. அப்படியானால் சல்லடை அடைபடவில்லை.

வால்வின் உடம்பை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தேன். துளையில் வெளிச்சம் தெரியவில்லை. மரக்குச்சியை மெல்ல நுழைத்து இரண்டு முறை திருகியதும் வெள்ளையாக ஒன்று துணியில் விழுந்தது. அரிசி நொய் அளவுதான் இருக்கும். ஒரு பக்கம் வழுவழுப்பு, பாய்லர் சுவரின் வளைவு அப்படியே அதில் பதிந்திருந்தது. மறுபக்கம் மணல்போல் சொரசொரப்பு. அதை விரலில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏழாயிரம் ரூபாய் கேட்டது இந்த நொய்க்காகத்தான்.

மீண்டும் பூட்டி, பொத்தானை அழுத்தியதும் தண்ணீர் மழைபோல் கொட்டியது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அனைவருக்கும் நன்றி.

பித்தளைத்திருகு | வியாழன், காலை 7.10

மகிழ்ச்சி. ஆனால் வேலை முடியவில்லை. ஒரு செதில் வந்தது என்றால் அதன் கூட்டாளிகள் பாய்லருக்குள் காத்திருக்கின்றன. பாய்லரைத் திறந்து கையால் சுத்தம் செய்துவிடுங்கள். பாய்லரின் பெரிய ஓ-ரிங், வால்வின் சிறிய ஓ-ரிங்குகள், குரூப் கேஸ்கெட் (கைப்பிடியைச் சுற்றிக் கசிவைத் தடுக்கும் ரப்பர்) ஆகியவற்றை இப்போதே வாங்கி வையுங்கள். திறந்தால் பழையவை மறுபடி சரியாக உட்காராது.

மாலைக்காப்பி | சனி, காலை 8.30

நீங்கள் சொன்னது நடந்துவிட்டது. நேற்று மாலை இரண்டாவது காப்பியின்போது மறுபடி நின்றுவிட்டது. உதிரிப் பாகங்களுக்குப் பணம் கட்டிவிட்டேன், வர நான்கு நாள் ஆகும். அதுவரை தொடமாட்டேன்.

ஏற்காட்டுக்கொட்டை | சனி, காலை 11.00

காத்திருக்கும் நேரத்தில் ஒரு விஷயம். என்ன தூள் பயன்படுத்துகிறீர்கள்? ஏற்காட்டில் எங்களுக்குச் சிறிய தோட்டமும் வறுவல் பட்டறையும் உண்டு. எஸ்பிரெசோ இயந்திரம் வாங்கியவர்கள் பலர் வழக்கமாக வாங்கும் சிக்கரி கலந்த ஃபில்டர் தூளையே அதிலும் போடுகிறார்கள். சிக்கரி ஃபில்டருக்குப் பொருத்தமானது. தண்ணீரைப் பிடித்துவைத்து மெதுவாக இறக்கும், டிகாஷன் கெட்டியாகும். அதே குணம் 9 பார் அழுத்தத்தில் எதிரியாகிவிடுகிறது. நனைந்த சிக்கரி பசைபோல் இறுகி, வழியை அடைக்கும். காப்பி எடுத்து முடிந்ததும் அந்தச் சோலனாய்டு வால்வுதான் குரூப்பில் மிஞ்சிய அழுத்தத்தைக் கீழே உள்ள வடிதட்டுக்குத் திறந்துவிடுகிறது. அப்போது பசையும் தூளும் பின்னோக்கி வால்வுக்குள் போகும். மேலிருந்து உப்பும் கீழிருந்து சிக்கரியும் வந்தால் அந்த வால்வு என்ன செய்யும்?

மாலைக்காப்பி | சனி, பகல் 12.10

சிக்கரி இல்லை. சிக்மகளூர் அராபிகாக் கொட்டை, வீட்டிலேயே அரைக்கிறேன். ஆனால் ஊரிலிருந்து அப்பா வந்தபோது அவருடைய தூளை இரண்டு முறை போட்டோம். இனி அவருக்குப் பித்தளை ஃபில்டரில்தான்.

யாழ்கிணறு | ஞாயிறு, மாலை 4.45

இந்த உரையாடலை ஒரு வாரமாகப் படித்துவருகிறேன். யாழ்ப்பாணத்தில் எங்கள் நிலத்தடி முழுவதும் சுண்ணக்கல். கிணற்றுத் தண்ணீர் கொதிக்கவைத்தால் கேத்தலின் அடியில் ஒரு மாதத்தில் வெள்ளைத் தகடு படிந்துவிடும். என் இயந்திரத்திலும் அதே அறிகுறி: ஸ்டீம் குழாயில் தண்ணீர் வருகிறது, குரூப்பில் வரவில்லை. ஆனால் கம்பிச்சுருள் அக்கா சொன்ன சோதனையைச் செய்தபோது 'டக்' ஒலி கேட்கவே இல்லை. எனக்கும் உப்புத்தானா?

கம்பிச்சுருள் | ஞாயிறு, மாலை 5.30

உப்பு அடைத்திருந்தாலும் பெரும்பாலும் 'டக்' கேட்கும். உங்களுடையது மின்சாரப் பக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். உருளையே உப்பில் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஒலி வராது என்பதையும் நினைவில் வையுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, சுருளின் இரண்டு சொருகு முனைகளையும் இழுத்து எடுத்துப் பாருங்கள். பச்சை அல்லது வெள்ளைப் பூப்பு இருக்கிறதா? பிறகு சுருளின் இரு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டரில் ஓம் பாருங்கள். இதில் டயோடு இல்லாத வகையென்றால் அளவு நேராகக் காட்டும். எண் ஏதாவது காட்டினால் சுருள் உயிரோடு இருக்கிறது. ஒன்றுமே காட்டாவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது.

மாலைக்காப்பி | வியாழன், இரவு 11.00

பாகங்கள் வந்தன, பாய்லரைத் திறந்தேன். நான்கு திருகுகள். இரண்டு பாதிகளும் பிரிந்தபோது உள்ளே கண்ட காட்சியை மறக்க முடியாது. சுவர் முழுவதும் பாதி உரிந்த சுண்ணாம்புபோல, சில இடங்களில் தீக்குச்சித் தலையின் கனத்துக்கு. அடியில் உதிர்ந்து கிடந்ததை மட்டும் அள்ளினேன், இரண்டு மேசைக்கரண்டி வந்தது. மூங்கில் குச்சியாலும் பழைய பல்துலக்கியாலும் சுரண்டி, சிட்ரிக் அமிலத்தில் நனைத்த துணியால் துடைத்து எடுத்தேன்.

குரூப் கேஸ்கெட் கல்லாகிவிட்டிருந்தது. ஏற்கெனவே எங்கோ படித்த முறைப்படி அதில் இரண்டு மரத்திருகுகளை ஏற்றி, குறட்டால் பிடித்து இழுத்தேன். துண்டு துண்டாக வந்தது.

எல்லாம் பூட்டியாயிற்று. ஆனால் பிளக்கைச் சொருகிச் சுவிட்சைப் போட்டதும் வீடு முழுவதும் மின்சாரம் போய்விட்டது. மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. விழுந்துவிட்டது. இரண்டாவது முறையும் அப்படியே. ஹீட்டரைக் கெடுத்துவிட்டேனோ என்று பயமாக இருக்கிறது. கீழ்வீட்டுக்காரர், எர்த் முள்ளைக் கழற்றிவிட்டால் விழாது என்கிறார்.

கம்பிச்சுருள் | வியாழன், இரவு 11.15

எர்த்தைத் தொடாதீர்கள். தயவுசெய்து. இரவோடு இரவாக இதைப் படிக்க வேண்டும் என்றுதான் உடனே எழுதுகிறேன். அந்த ஈ.எல்.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் விழும்படி அமைத்தது. அது விழுகிறது என்றால் மின்சாரம் இயந்திரத்தின் உடம்புக்குக் கசிகிறது. எர்த்தைக் கழற்றினால் கசிவு நிற்காது, அடுத்து ஈரக்கையால் அந்த உலோகத்தைத் தொடுபவர் வழியாகப் போகும்.

பயப்பட வேண்டாம், ஹீட்டர் கெட்டிருக்க வாய்ப்புக் குறைவு. கழுவும்போது ஹீட்டர் முனைகளில் தண்ணீர் பட்டிருக்கும். முனையைச் சுற்றியுள்ள வெள்ளைப் பொடி ஈரத்தை உறிஞ்சும். மூடியைத் திறந்துவைத்து ஒரு நாள் முழுக்க விசிறிக்கு அடியில் வையுங்கள், முனைகளில் தலைமுடி உலர்த்தியைக் காட்டுங்கள். பிறகு கம்பிகளைக் கழற்றிவிட்டு ஹீட்டர் முனைக்கும் பாய்லர் உடம்புக்கும் இடையே மல்டிமீட்டர் வையுங்கள், எண் எதுவும் காட்டக் கூடாது. ஹீட்டரின் இரு முனைகளுக்கும் இடையே, 1,300 வாட் என்றால், 40 ஓம் அளவில் காட்ட வேண்டும்.

மாலைக்காப்பி | சனி, காலை 9.15

உடம்புக்கு எதுவும் காட்டவில்லை. இரு முனைகளுக்கும் இடையே 41 ஓம். சுவிட்சைப் போட்டேன், ஈ.எல்.சி.பி. விழவில்லை. ஆனால் சூடேறும்போது வால்வின் அடியில் 'சுர்' என்று ஆவி. ஒரு ஓ-ரிங் மடிந்து உட்கார்ந்திருக்கிறது. உதிரியாக ஒன்று கைவசம் இருந்தது, ஆறவிட்டு மறுபடி பிரித்துப் பூட்டினேன். இப்போது ஒழுகவில்லை.

பித்தளைத்திருகு | சனி, காலை 10.00

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள். ஓ-ரிங்கில் தேங்காய் எண்ணெய், வாசலின் எதுவும் தடவவில்லையே? உணவுத் தரமுள்ள சிலிகான் கிரீஸ் மட்டும்தான். இந்த இயந்திரங்களில் வரும் ஈ.பி.டி.எம். ரப்பர் பெட்ரோலிய எண்ணெய் பட்டால் ஊதிவிடும். மோட்டார் கடையின் கருப்பு ஓ-ரிங்கும் வேண்டாம், ஸ்டீம் சூடு 140 டிகிரியைத் தாண்டும்.

இனி தண்ணீரைச் சொல்லுங்கள்.

மாலைக்காப்பி | சனி, காலை 10.20

கேன் தண்ணீரை அப்படியே ஊற்றலாம் என்றிருக்கிறேன். மீட்டர் 35 காட்டுகிறது. உப்பே இல்லையென்றால் பிரச்சினையே இல்லையே?

ஒன்டாரியோஏரி | சனி, மாலை 7.00

உப்பு படியாது, சரி. ஆனால் முற்றிலும் வெறுமையான, சவ்வில் உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாகப் புளித்துவிடும். அதை ஈடுகட்டத் தண்ணீரில் எதுவும் இல்லாததால் பித்தளையையும் அலுமினியத்தையும் அரிக்கத் தொடங்கும். காப்பியும் தட்டையாக, புளிப்பாக இருக்கும்.

நான் செய்வது: சமையல் சோடா 8.4 கிராமை ஒரு லிட்டர் ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்துப் பாட்டிலில் வைத்துக்கொள்வேன். தொட்டியில் ஊற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் அதில் 10 மில்லி. அதாவது லிட்டருக்கு 84 மில்லிகிராம் சோடா. காரத்தன்மை கால்சியம் கார்பனேட் கணக்கில் 50 பி.பி.எம். (லிட்டருக்கு மில்லிகிராம்) அளவுக்கு வரும், கால்சியமோ மெக்னீசியமோ இல்லாததால் படிவும் வராது. சோடியம் வேண்டாம் என்பவர்கள் பொட்டாசியம் பைகார்பனேட் 100 மில்லிகிராம் சேர்க்கலாம். காப்பி எடை பார்க்கும் தராசே இதற்குப் போதும். ஒரு பாட்டில் நூறு லிட்டருக்கு வரும்.

பித்தளைத்திருகு | சனி, இரவு 8.30

இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்ப வேண்டாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அது கரைந்திருக்கும் எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டும். பாய்லரைக் கெடுப்பது பள்ளியில் படித்தோமே, தற்காலிகக் கடினத்தன்மை, கால்சியம் பைகார்பனேட். சூடானதும் அதுதான் சுண்ணாம்பாகப் படிகிறது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கிறது, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை அனுமதிக்கிறது. மனிதர் குடிக்க அது சரி. இந்தச் சிறிய பாய்லருக்கு அது எமன்.

மாலைக்காப்பி | ஞாயிறு, காலை 7.05

சோடாத் தண்ணீர் தயாரித்து ஊற்றினேன். 18 கிராம் தூள், 28 நொடி, கோப்பையில் 36 கிராம். புது கேஸ்கெட்டால் கைப்பிடி நேராக வந்து இறுகுகிறது, ஓரத்தில் கசிவில்லை. பொத்தானை அணைத்ததும் வால்வு 'டக்' என்று விழ, 'ஸ்ஸ்' என்று தட்டில் தண்ணீர் பாய்ந்தது. தூள்வட்டு ஒரே தட்டில் காய்ந்த வறட்டிபோல் முழுதாக விழுந்தது. ஆறு மாதமாக அது சேறாகத்தான் வந்துகொண்டிருந்தது. வால்வு அடைபடத் தொடங்கியதன் அடையாளம் அது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

மொத்தச் செலவு 1,150 ரூபாய். அந்த நொய்யை ஒரு சிறிய டப்பாவில் போட்டு இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

யாழ்கிணறு | ஞாயிறு, இரவு 9.50

கம்பிச்சுருள் அக்கா, சுருளில் ஓம் காட்டியது. ஒரு சொருகு முனையில் பச்சைப் பூப்பு, தொட்டதும் உதிர்ந்துவிட்டது. நகரத்துக்குப் போய்ப் புதிய முனை வாங்கி, அழுத்திப் பூட்டினேன். பம்ப் கம்பியைக் கழற்றிவைத்து மூடியைப் பூட்டி, பொத்தானை அழுத்தினேன்.

'டக்' கேட்டது. நாளை வால்வையும் திறக்கிறேன், எங்கள் கிணற்றுத் தண்ணீர் உள்ளே என்ன செய்திருக்கிறது என்று பார்த்துவிட்டுப் படத்தோடு வருகிறேன்.